காதலி தந்த 2 டாலர் புத்தகம்: ஹைட்ரஜனைத் தூளுக்குள் அடைக்க வழிகாட்டிய ஹெர்பர்ட் பிரவுன் யார்?

போர்ட் கொச்சி படகுத் துறையில் நீங்கள் ஏறும் வாட்டர் மெட்ரோ படகு பேட்டரியில் ஓடுகிறது. அதைக் கட்டிய கொச்சி கப்பல் கட்டும் தளம்தான், ஹைட்ரஜனில் ஓடும் பயணிகள் படகையும் கட்டியது. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் இருந்தபடியே பிரதமர் அதைத் தொடங்கி வைத்தார்.

ஹைட்ரஜன் படகில் புகை வராது, தண்ணீர்தான் வரும். ஆனால், ஹைட்ரஜன் மிக லேசான வாயு. உயர் அழுத்த சிலிண்டர்களில் அடைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். அதையே ஒரு தூளுக்குள் வைத்து, தேவைப்படும்போது மட்டும் வெளியே எடுக்க முடிந்தால்?

இந்தக் கேள்வியோடு சேர்த்துப் பேச வேண்டிய பெயர் ஹெர்பர்ட் சார்லஸ் பிரவுன்.

கடையில் நின்ற சிறுவன்

1912 மே 22 அன்று லண்டனில் பிறந்தார் பிரவுன். பெற்றோர் யுக்ரேனில் இருந்து வந்த யூதர்கள். அவருக்கு 2 வயதானபோது குடும்பம் சிகாகோவுக்குப் போனது. 1926-இல் அப்பா இறந்துவிட, படிப்பை நிறுத்திவிட்டு குடும்பத்தின் ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொண்டார். பிறகு மீண்டும் பள்ளிக்குத் திரும்பி 1930-இல் படிப்பை முடித்தார்.

அடுத்து ஜூனியர் கல்லூரியில் சேர்ந்தார். பொருளாதாரப் பெருமந்த காலம் அது. 1933-இல் பணமில்லாமல் அந்தக் கல்லூரியே மூடப்பட்டது. ஆனாலும் அங்கே அவருக்கு சாரா பேலன் அறிமுகமானார்.

1936-இல் பிரவுன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியபோது சாரா ஒரு புத்தகம் பரிசளித்தார். போரான், சிலிக்கான் ஹைட்ரைடுகள் பற்றி ஆல்பிரட் ஸ்டாக் எழுதியது. ஏன் அந்தப் புத்தகம் தெரியுமா? கடையில் இருந்த வேதியியல் நூல்களில் அதுதான் விலை குறைவு, சுமார் 2 டாலர். அதைப் படித்த பிரவுன், போரான் ஹைட்ரைடுகளில் ஆய்வு செய்துகொண்டிருந்த பேராசிரியர் ஷ்லெசிங்கரிடம் சேர்ந்தார். 1938-இல் முனைவர் பட்டம் கிடைத்தது. தொழிற்துறையில் வேலைதான் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்திலேயே தொடர்ந்தார்.

போர் கொடுத்த திருப்பம்

1940-இல் அமெரிக்க அரசு இந்தக் குழுவிடம் ஒரு ரகசிய வேலையைக் கொடுத்தது. எளிதில் ஆவியாகும் யுரேனியம் சேர்மம் ஒன்று வேண்டும். அதற்காகப் போரான் ஹைட்ரைடுகளை அதிக அளவில் தயாரிக்கப் புதிய வழிகளைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் யுரேனியத்துக்கு வேறு வழி கிடைத்துவிட, அந்தத் தேவையே இல்லாமல் போனது.

உழைப்பு வீண்தானா? இல்லை. போர்க்களத்திலேயே ஹைட்ரஜன் தயாரிக்க வழி தேடிக்கொண்டிருந்தது ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவு. சோடியம் போரோஹைட்ரைடு என்ற வெள்ளைத் தூள் அதற்குப் பொருத்தமாக இருந்தது. வெறும் தண்ணீரில் அது மெதுவாகவே ஹைட்ரஜனை விடும். எனவே பல உலோக உப்புகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கோபால்ட் முந்தியது, செம்பு பின்தங்கியது. ரகசியம் காரணமாக இந்த முடிவுகள் 1953-இல்தான் வெளியாகின.

அதே தூளைச் சுத்தப்படுத்த அசிட்டோனில் கரைத்தபோது, அது அசிட்டோனையே மாற்றிவிட்டது. இப்படித்தான் இன்று மருந்து வேதியியலில் அன்றாடம் பயன்படும் ஒடுக்கி கிடைத்தது.

பிரவுனுக்கோ சிகாகோவில் நிரந்தர இடம் அமையவில்லை. 1943-இல் டெட்ராய்ட், 1947-இல் பர்டூ பல்கலைக்கழகம் என்று நகர்ந்தார். அங்கே 1956-இல் ஹைட்ரோபோரேஷன் வினையைக் கண்டறிந்தார். 1979-இல் ஜார்ஜ் விட்டிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தியாவிலிருந்து போன ஆய்வாளர்கள் பலர் அவருடன் பணியாற்றினார்கள். 2004 டிசம்பர் 19 அன்று, 92 வயதில் காலமானார்.

செம்புக்கு என்ன வேலை?

அம்மோனியா போரேன் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 1955-இல் ஷோரும் பாரியும் முதலில் தயாரித்தார்கள். சாதாரண வெப்பநிலையில் நிலையாக இருக்கும் இந்தத் திடப்பொருளின் எடையில் 19.6% ஹைட்ரஜன்தான்.

தண்ணீரில் கரைத்தால் மட்டும் பெரிதாக எதுவும் நடக்காது. வினையூக்கி சேர்ந்தால் ஒரு மூலக்கூறிலிருந்து 3 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வரும். அதில் பாதி தண்ணீரிலிருந்து கிடைப்பது. ஆகவே தண்ணீரின் எடையையும் சேர்த்தால் கணக்கு சுமார் 9 சதவீதமாகக் குறைகிறது.

பிளாட்டினம், ருத்தீனியம், ரோடியம் இந்த வேலையை வேகமாகச் செய்யும், ஆனால் விலை எட்டாது. அங்கேதான் செம்பு வருகிறது. கோபால்ட், நிக்கல், செம்பு ஆகியவையும் அறை வெப்பநிலையில் இதைச் செய்யும் என்று மணீஷ் சந்திராவும் சியாங் சூவும் 2006-இல் காட்டினார்கள். செம்பு மலிவு, ஆனால் வேகம் குறைவு. அதன் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காற்றுப் பட்டால் ஆக்சைடாக மாறும். அதனால்தான் மற்ற உலோகங்களோடு கலந்தும், தாங்குபொருள் மேல் படியவைத்தும் முயல்கிறார்கள்.

அப்போ, படகில் எப்போது வரும்?

வேகத்தை விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஹைட்ரஜன் வெளியேறிய பிறகு மிஞ்சுவது போரேட். அதை மறுபடியும் எரிபொருளாக மாற்ற நிறைய ஆற்றலும் பணமும் செலவாகும். பிரவுனுடன் பர்டூவில் பணியாற்றிய பி. வி. ராமச்சந்திரன் 2007-இல் மெத்தனால் வழியாக ஒரு மீட்பு முறையை வெளியிட்டார். ஆனால் அதற்கும் விலையுயர்ந்த ஹைட்ரைடு தேவைப்படுகிறது.

ஆகவே செம்பு பாதி வேலையைத்தான் முடிக்கிறது. போரேட்டைக் குறைந்த செலவில் திருப்பி எடுக்கும் வழி கிடைக்கும்வரை, கொச்சியில் கட்டும் ஹைட்ரஜன் படகுக்கு சிலிண்டர்தான் துணை.