ஐடா ஸ்கடரும் செவிலியர் கல்வியும்

செவிலி என்னும் சொல் தமிழர்க்குப் புதிதன்று. அகப்பாடல்களில் நற்றாயோடு ஒருங்கு வைத்து எண்ணப்பெறுபவள் செவிலித்தாய். தலைவியைப் பாலூட்டிச் சீராட்டி வளர்ப்பவளும், அவள் உடன்போக்கில் சென்றபின் பாலை வழியில் தேடிப் புறப்படுபவளும் அவளே. இத்தகைய உறவுச் சொல்லை மருத்துவமனையில் நோயாளரைப் பேணும் பணியாளர்க்குச் சூட்டிய நம் முன்னோரின் சொல்லாட்சி வியக்கத்தக்கது. ஆயினும், சொல்லுக்கிருந்த மதிப்பு தொழிலுக்கு எளிதில் வந்துவிடவில்லை. அதனைத் தேடித் தந்தோருள் முன்னிற்பவர் வேலூர் டாக்டர் ஐடா சோபியா ஸ்கடர் அம்மையார்.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் கீழ்த்திசை நாடுகளுக்கு வந்த அமெரிக்க மருத்துவர், தந்தையாரும் மருத்துவரே. எனினும், பஞ்சமும் பிணியும் மலிந்த இம்மண்ணில் வாழ அவ்விளம்பெண் விரும்பவில்லை. அமெரிக்காவில் கல்வி பயின்றவர், தாயார் நோயுற்றமையால் 1890-இல் திண்டிவனம் வந்தார். விரைவில் திரும்பிவிட வேண்டும் என்பதே அவர்தம் எண்ணமாக இருந்தது.

அங்கே நிகழ்ந்த ஓரிரவு அவ்வெண்ணத்தை மாற்றியது. பிராமண இளைஞர் ஒருவர் வந்து, பேறுகாலத்தில் துன்புறும் தம் மனைவியைக் காப்பாற்றுமாறு வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையாரை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. அயலார் ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பதை ஏற்காது அவ்விளைஞர் திரும்பிச் சென்றார். சிறிது நேரத்தில் முஸ்லிம் ஒருவர் வந்தார். அவரும் அதே வேண்டுகோளை விடுத்து, அதே மறுப்பைக் கூறிச் சென்றார். மூன்றாவதாக வந்த மற்றோர் இந்துப் பெருமகனாரும் அவ்வாறே திரும்பினார். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தனர்.

இந்நிகழ்ச்சியைச் சமயப் பழியாகக் கொள்வோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. சாதியும் சமயமும் வேறுபட்ட மூவர் ஒரே இரவில் ஒரே காரணத்தால் திரும்பினர் என்றால், குறை அவர்களுள் ஒருவரிடம் மட்டும் இருத்தல் இயலாது. அயல் ஆடவர் முன் செல்லாத பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும். பயிற்சி பெற்ற பெண் துணையாளரும் வேண்டும். அந்நாளில் இருவருமே இல்லை.

அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்ற ஐடா, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் வந்தார். ஒரே படுக்கையுடன் மருத்துவம் தொடங்கினார். நியூயார்க் செல்வர் ஒருவர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த பத்தாயிரம் டாலரைக் கொண்டு, 1902-இல் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பெற்றது.

இங்கேதான் அம்மையாரின் நோக்கு சிறப்புறுகிறது. மருத்துவர் வந்து பார்த்துச் செல்பவர்; இரவு முழுதும் அருகிருந்து காய்ச்சலின் ஏற்றத்தையும் நாடியின் தளர்ச்சியையும் கண்டு உணர்த்துபவர் செவிலியர். அறுவை முடிந்தபின் நோயாளர் பிழைப்பதும் மடிவதும் பெரும்பாலும் அவர் கையில்தான் உள்ளன. ஆதலின், பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 1909-இல், வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. மருத்துவப் பள்ளி வந்தது 1918-இல். இவ்வரிசை நம் கருத்தை ஈர்க்கிறது.

பள்ளி தொடங்குவது எளிது. பயில மாணவியர் வர வேண்டுமே! பிறர் உடலைத் தொட்டுக் கழுவுதலும், புண்ணையும் கழிவையும் அகற்றுதலும் இழிதொழில் எனக் கருதப்பட்ட காலம் அது. நற்குடும்பங்கள் எனப்பட்டவை தம் பெண்களை அனுப்பத் தயங்கின. நம் சமுதாயமும் இத்தயக்கத்திற்கு விலக்கன்று. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்து, அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பேணிய ருஃபைதா (ரலி) அம்மையாரின் வரலாற்றைப் படித்தோரும் அத்தொழிலை ஏனோ தம் வீட்டுப் பெண்களுக்கு உரியதாக எண்ணவில்லை.

பற்றாக்குறை எத்துணைக் கொடியது என்பதை 1946-இல் வெளியான போர் குழுவின் அறிக்கை காட்டிற்று. சர் ஜோசப் போர் தலைமையிலான அக்குழுவின் கணக்குப்படி, இந்தியாவில் ஏறத்தாழ 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் இருந்தார். செவிலியரோ 43,000 பேருக்கு ஒருவர்!

அதே 1946-இல் வேலூர்ப் பள்ளி செவிலியர் கல்லூரியாக உயர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் செவிலியப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே புதுதில்லியிலும் ஒரு கல்லூரி எழுந்தது. இவ்விரண்டுமே இந்தியாவில் செவிலியர்க்குப் பட்டம் வழங்கும் கல்விக்கு முன்னோடிகள்.

பட்டத்தால் விளைந்த மாற்றம் பெயரளவினதன்று. பழைய முறையில் மாணவி மருத்துவமனையின் ஊழியர்போல் வேலை செய்துகொண்டே தொழிலைக் கற்றாள். வார்டில் ஆள் குறைந்தால் பாடம் நின்றுவிடும். பல்கலைக்கழகப் படிப்பிலோ கல்வியே முதன்மை. உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், உளவியல், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றை முறையாகக் கற்று, அக்கல்வியை நோயாளர் படுக்கையருகே செயற்படுத்திப் பழக வேண்டும். வார்டை நிருவகிக்கவும், சிற்றூர்களில் வீடுதோறும் சென்று தாய்சேய் நலம் பேணவும், பிற செவிலியர்க்கு ஆசிரியராக விளங்கவும் அப்பட்டதாரி தகுதி பெற்றார். மருந்து ஏன் கொடுக்கப்படுகிறது என்று அறிந்து கொடுப்பவர்க்கும், கொடு என்றதால் கொடுப்பவர்க்கும் உள்ள வேறுபாட்டை நோயாளரே நன்கறிவர்.

செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கிய அதே ஆண்டில் அம்மையார் பொறுப்புகளினின்று ஓய்வு பெற்றார். கோடைக்கானல் மலையில் தம் இல்லத்தில் வாழ்ந்து, 1960 மே மாதத்தில், தம் எண்பத்தொன்பதாம் அகவையில் காலமானார். திருமணம் செய்துகொள்ளாத அவரை வேலூர் மக்கள் தம் வீட்டு மூத்தவரைப் போல ஐடா அத்தை என்றே அழைத்து வந்தனர். 2000-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சிறப்பித்து அஞ்சல்தலை வெளியிட்டது.