சதுரங்க வீரர் சுல்தான் கான்

இந்த மாதம் 'சாதனையாளர் வரலாறு' பகுதி எழுத ஒன்பதாம் வகுப்பின் முறை. கலாம் ஐயா, காமராஜர், கல்பனா சாவ்லா எல்லாரையும் நம் பத்திரிகையில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அதனால் நான் செஸ் பக்கம் போகிறேன். செஸ் என்றதும் விஸ்வநாதன் ஆனந்த், 2024-ல் உலக சாம்பியன் ஆன குகேஷ் என்று சொல்லுவீங்க. நான் எழுதப் போறவர் அவங்களுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி. 1966-லேயே இறந்துவிட்டார். பெயர் மீர் சுல்தான் கான்.

எங்கள் உடற்கல்வி சார் ஒரு வழி சொல்லித் தந்திருக்கார். ஒரு ஆட்டக்காரரைப் புரிஞ்சுக்கணும்னா மூணு விஷயம் பார்க்கணுமாம். பலம் என்ன, பழக்கம் என்ன, எதைச் சரி பண்ணணும். என் அண்ணன் செல்போனில் ஆன்லைன் செஸ் ஆடுவான். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அந்த ஆப்பே அவனுக்கு இந்த நகர்த்தல் தப்பு, இது நல்லது என்று காட்டிக்கொடுத்துவிடும். சுல்தான் கானுக்கு அப்படிச் சொல்ல போனும் இல்லை, படிக்கப் புத்தகமும் இல்லை. ஆனாலும் அவரை அந்த மூணு கேள்வியை வைத்தே பார்க்கலாம்னு நினைக்கிறேன்.

அவர் பிறந்த ஊர் மிட்டா டிவானா. அன்றைய பஞ்சாப். இப்போது அது பாகிஸ்தானில் இருக்கிறது. ஒன்பது வயதில் அப்பாவிடம் சதுரங்கம் கற்றுக்கொண்டார். கவனிக்கவும், அது நாம் இப்போது ஆடும் செஸ் இல்லை, பழைய இந்தியச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் தடவையிலும் ஒரு கட்டம்தான் நகரும், இரண்டு கட்டம் தாண்டாது. கேஸ்லிங் கிடையாது. அதற்குப் பதில் ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவிக்கலாம். இடத்துக்கு இடம் விதி கொஞ்சம் மாறும். பொதுவாக ஆட்டம் மெதுவாகத் தொடங்கும். யாரும் சட்டென்று அடித்துக்கொள்ள முடியாது.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், அவருடைய பலமும் குறையும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வந்தது.

21 வயதில் பஞ்சாபிலேயே அவர்தான் சிறந்த ஆட்டக்காரர் என்று பேர் வந்துவிட்டது. சர் உமர் ஹயாத் கான் என்ற பெரிய ஜமீன்தார் அவரைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டு, ஐரோப்பிய விதிப்படி ஆடப் பழக்கினார். 1928-ல் நடந்த அகில இந்தியப் போட்டியில் 8 வெற்றி, 1 டிரா, தோல்வி ஒன்றுகூட இல்லை. அடுத்த வருஷம் உமர் ஹயாத் கான் அரசாங்க வேலையாக லண்டன் போனபோது சுல்தான் கானையும் கூட்டிப் போனார்.

லண்டனில் முதலில் பயிற்சிக்காக ஒரு சிறிய போட்டி வைத்தார்கள். அதில் கடைசி இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டார். ஓபனிங் எதுவுமே தெரியவில்லை. அதாவது ஆட்டத்தின் முதல் பத்து நகர்த்தலை அங்கே எல்லாரும் புத்தகம் படித்து மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். அந்தப் புத்தகங்கள் இங்கிலீஷிலும் ஜெர்மனிலும் இருந்தன. வில்லியம் விண்டர், யேட்ஸ் என்ற இரண்டு ஆங்கில வீரர்கள் கொஞ்ச நாள் சொல்லிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் கோச்சிங். சில மாதம் கழித்து ராம்ஸ்கேட் என்ற ஊரில் 1929 பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப் நடந்தது. ஜெயித்தது சுல்தான் கான். கடைசி இடத்திலிருந்து முதல் இடத்துக்கு ஒரு கோடை விடுமுறைக்குள் வந்துட்டார்னு வச்சுக்கங்க.

இப்போது முதல் கேள்வி, பலம். அவர் பலம் ஆட்டத்தின் கடைசிக் கட்டம். காய் எல்லாம் வெட்டுப்பட்டுப் போய் ராஜா, யானை, நாலைந்து சிப்பாய் மட்டும் மிச்சம் இருக்கும் நேரம். நம்மில் பலருக்கு அந்த நேரத்தில் கொட்டாவி வந்துவிடும். அவருக்கு அங்கேதான் ஆட்டமே ஆரம்பம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் பார்த்திருப்பீர்கள். வடம் பிடித்து இழுக்கிற ஆயிரம் பேரைத்தான் எல்லாரும் பார்ப்போம். ஆனால் முக்குத் திரும்பும்போது சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிறவர் இருக்கார் பாருங்க, கொஞ்சம் பிசகினாலும் தேர் சுவரில் முட்டிவிடும். சுல்தான் கான் ஆட்டம் அந்தக் கட்டை போடுகிறவர் வேலை மாதிரி. சத்தம் இல்லாமல், அங்குலம் அங்குலமாக.

இதற்கு ஒரு ஆட்டம் சொல்லுகிறேன். 1930 கடைசியில் ஹேஸ்டிங்ஸ் ஊரில் நடந்த போட்டி. எதிரில் உட்கார்ந்தவர் கியூபா நாட்டு காபபிளாங்கா. 1921-லிருந்து 1927 வரை உலக சாம்பியன். அதற்கு முன்னும் பின்னுமாக எட்டு வருஷம் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காதவர். கடைசிக் கட்ட ஆட்டத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று உலகமே நம்பியது. சுல்தான் கான் வெள்ளைக் காய். மெதுவாக இடத்தை அடைத்து அடைத்து, காபபிளாங்காவின் காய்கள் நகர வழியில்லாமல் பண்ணி, 65-ஆவது நகர்த்தலில் ஜெயித்தார். அண்ணன் போனில் அந்த ஆட்டத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ் நேரத்தில் ஒரு தடவை பார்த்து முடித்துவிடலாம். பெரிய அதிரடி எதுவும் அதில் கிடையாது. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

1931-ல் டார்டாகோவர் என்ற பெரிய வீரருடன் 12 ஆட்டம் கொண்ட போட்டியிலும் ஜெயித்தார். அதே வருஷம் பிராக் நகரில் ஒலிம்பியாட் (2022-ல் நம் மாமல்லபுரத்தில் நடந்ததே, அதே ஒலிம்பியாட்தான்). அதில் இங்கிலாந்து அணியின் முதல் போர்டு சுல்தான் கான். 17 ஆட்டத்தில் 8 வெற்றி, 7 டிரா, 2 தோல்வி. ஃப்ளோர், ரூபின்ஸ்டைன் இரண்டு பேரையும் தோற்கடித்தார். அன்றைய உலக சாம்பியன் அலெஹினிடம் டிரா. நம் நாடு அடிமையாக இருந்த காலம், அதனால் இங்கிலாந்துக்காக ஆடினார். 1930-ல் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார் என்று சமூக அறிவியலில் படித்தோம் அல்லவா, அதே வருஷம்தான் இவர் முதல் தடவை இங்கிலாந்தின் முதல் போர்டில் உட்கார்ந்தது. நினைத்துப் பார்த்தால் ஒரு மாதிரியாக இருக்கிறது.

1932-லும் 1933-லும் மறுபடி பிரிட்டிஷ் சாம்பியன். மொத்தம் மூன்று தடவை. உலகத்தின் முதல் பத்து வீரர்களில் ஒருவர் என்று எண்ணப்பட்டார்.

பழக்கம் என்ன என்று கேட்டால், பேச்சு குறைவு. தலைப்பாகை கட்டிக்கொண்டு உட்காருவார். ஜெயிக்கிறாரா தோற்கிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உடம்புதான் படுத்தியது. இங்கிலாந்தின் ஈரக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் மலேரியாவும் சளியும் தொண்டைப் புண்ணும் மாறி மாறி வந்தன. கழுத்தில் பேண்டேஜ் துணி சுற்றிக்கொண்டே போட்டிக்கு வந்த நாள் உண்டு. நம்ம சத்திரப்பட்டிப் பக்கம் தறியில் ஓடுகிற பேண்டேஜ் துணியைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

மூன்றாவது கேள்வி. எதைச் சரி பண்ணியிருக்கணும்? ஓபனிங் என்று யார் வேணும்னாலும் சொல்லிவிடலாம். இந்தியச் சதுரங்கத்தில் மெதுவாகத் தொடங்கிப் பழகியவர், ஐரோப்பிய ஆட்டத்திலும் அப்படியே தொடங்கினார். பல ஆட்டங்களில் ஆரம்பத்திலேயே கஷ்டமான நிலையில் மாட்டி, பிறகு போராடி மீண்டிருக்கிறார். சில ஆட்டங்களில் மீள முடியவில்லை. இன்னும் நாலு வருஷம் விட்டிருந்தால் அதையும் கற்றிருப்பார் என்பது என் எண்ணம்.

ஆனால் நாலு வருஷம் கிடைக்கவில்லை. 1933 டிசம்பரில் உமர் ஹயாத் கான் இந்தியா திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். 1935-ல் காடில்கர் என்பவருடன் 10 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அதோடு சரி. பெரிய செஸ் உலகம் அவரை மறுபடி பார்க்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது முப்பதைச் சுற்றித்தான் இருக்கும்.

சில புத்தகங்களில் அவரை உமர் ஹயாத் கானின் வேலைக்காரர் என்று எழுதியிருக்கிறார்கள். அமெரிக்க வீரர் ஃபைன், 1933-ல் தங்கள் அணியை அந்த லண்டன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தபோது சாம்பியனே சாப்பாடு பரிமாறினார் என்று எழுதி வைத்திருக்கிறார். சுல்தான் கானின் பேத்தி 2020-ல் இதை மறுத்து எழுதினார். தாத்தா நிலபுலம் உள்ள, மதிப்பான குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது அவர் பக்கம். பேத்தி சொல்வதைத்தான் நான் நம்புகிறேன். எங்கள் ஊரில்கூட விருந்தாளி வந்தால் வீட்டு ஆள்தானே பரிமாறுவார்கள், அதை வைத்து வேலைக்காரர் என்று சொல்லலாமா? ஆனால் ஒன்று. கப்பல் டிக்கெட் அவர் கையில் இல்லை. போவதும் வருவதும் இன்னொருவர் வேலையைப் பொறுத்து இருந்தது.

இந்த இடத்தில் இன்னொரு பெயரும் சொல்லணும். பாத்திமா. உமர் ஹயாத் கான் வீட்டிலேயே இருந்த பெண். 1933-ல் ஹேஸ்டிங்ஸில் சுல்தான் கான் ஆண்கள் பட்டம் வாங்கியபோது, அதே ஊரில் பெண்கள் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை வாங்கியவர் பாத்திமா. இரண்டாவது வந்தவரைவிட 3 புள்ளி அதிகம். செஸ்ஸில் 3 புள்ளி என்பது ஓட்டப் பந்தயத்தில் ஒரு முழு சுற்று முந்துவது மாதிரி. அவரும் அதே கையோடு ஊர் திரும்பினார். பெரிய போட்டி எதிலும் பிறகு ஆடவில்லை. வயதான பிறகு அவர் பழைய கதை சொன்னபோது, இந்தியா திரும்பியதும் சுல்தான் கானுக்கு ஜெயிலிலிருந்து வெளியே வந்த மாதிரி இருந்தது என்றாராம். அந்தக் குளிரும் காய்ச்சலும் அவ்வளவு வாட்டியிருக்கு. ஆனால் பாத்திமாவுக்கு எப்படி இருந்தது என்பதைத்தான் யாராவது கேட்டிருக்கணும்னு எனக்குத் தோணுது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா மாவட்டப் போட்டி வரைக்கும் செஸ் ஆடப் போனவங்க. பிளஸ் டூ முடிந்ததும் மில் வேலைக்குப் போயிட்டாங்க. நான் இப்போது ஆடும் போர்டு அவங்க கொடுத்ததுதான். நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது, நேற்று என்ன ஓபனிங் போட்டே என்று வாசலிலேயே நின்று கேட்பாங்க. பாத்திமாவைப் பற்றிப் படித்தபோது அவங்க முகம்தான் வந்தது.

சுல்தான் கான் அதற்குப் பிறகு விவசாயம் பார்த்தார். 11 பிள்ளைகள். அவர்களுக்கு அவர் செஸ் சொல்லித் தரவில்லை. வாழ்க்கைக்கு உதவுகிற வேறு ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார் என்று மகனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கோபத்தில் சொன்னாரா, அக்கறையில் சொன்னாரா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு பெரிய சண்டையே நடந்தது. அக்கறை என்பது என் கட்சி.

1950-ல் உலக செஸ் கூட்டமைப்பு முதல் தடவையாக கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. அந்த முதல் பட்டியலில் சுல்தான் கான் ஜெயித்த டார்டாகோவர் இருந்தார், ஃப்ளோர் இருந்தார், ரூபின்ஸ்டைனும் இருந்தார். ஆட்டத்தை விட்டுப் போனதால் இவருக்குக் கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ரூபின்ஸ்டைன் 1932-லேயே போட்டிகளை விட்டுவிட்டவர். சுல்தான் கான் அப்போது உயிரோடு, தன் ஊரில் இருந்தார். 1966-ல் சர்கோதாவில் காலமானார். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் 1988-ல் ஆனந்துக்குக் கிடைத்தது.

2024 பிப்ரவரியில் கூட்டமைப்பின் தலைவர் பாகிஸ்தானுக்கே வந்து, சுல்தான் கானுக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தார். அவர் இறந்து கிட்டத்தட்ட 58 வருஷம் ஆகியிருந்தது.

பின்குறிப்பு: காபபிளாங்கா ஆட்டத்தின் 65 நகர்த்தலையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மதியம் சாப்பாட்டு மணிக்குப் பிறகு வேப்பமரத்தடிக்கு வந்தால் போர்டில் ஆடிப் பார்க்கலாம். பழைய இந்திய விதிப்படி ஆடணும்னாலும் நான் ரெடி. சிப்பாய் ஒரு கட்டம்தான், ஞாபகம் இருக்கட்டும்.