கொடைவள்ளல் பிரேம்சந்த் ராய்சந்த்

மும்பை சென்று வந்த நம் அன்பர்கள், அங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் 280 அடி உயரமுள்ள மணிக்கூண்டைக் கண்டிருப்பர். இராஜாபாய் கோபுரம் என வழங்கும் அதற்குப் பொருள் ஈந்தவர் ஒரு சமணர் என்பதை நம்முள் பலர் அறியார். அவரே பிரேம்சந்த் ராய்சந்த்.

1831ஆம் ஆண்டு சூரத்தில் சுவேதாம்பரக் குடும்பமொன்றில் தோன்றிய இவர், பம்பாயில் பங்குத் தரகராக உயர்ந்தார். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூளவே, ஆங்கிலேய ஆலைகளுக்கு அந்நாட்டுப் பருத்தி கிட்டவில்லை. நம் நாட்டுப் பருத்தியின் விலை ஏறியது. பம்பாயில் செல்வம் வெள்ளமெனப் பாய்ந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கப் புறப்பட்ட பேக்பே நிறுவனத்தின் 5,000 ரூபாய்ப் பங்கு சுமார் 50,000 ரூபாய் வரை விலைபோயிற்று. அவ்வணிகத்தின் நடுநாயகமாக விளங்கியவர் பிரேம்சந்த்.

1864இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற்கு நூலகம் கட்ட 2 இலட்சம் ரூபாயும், தம் அன்னையார் இராஜாபாய் பெயரால் மணிக்கூண்டு எழுப்ப மேலும் 2 இலட்சமும் அளித்தார். பார்வையிழந்த அவ்வம்மையார் கதிரவன் மறையுமுன் உணவு கொள்ளும் விரதத்தை வழுவாது காக்க மணியோசை துணையாயிற்று என்று சொல்லப்படுகிறது. இரவுணவு நீக்கிய இல்லங்களில் வளர்ந்த நமக்கு இச்செய்தி இனிக்கின்றது.

எனினும், நாம் பெரிதும் போற்றுவது அவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு 1866இல் வழங்கிய 2 இலட்சத்தையே. ஏதேனும் ஒரு பெரும்பணிக்கு, அல்லது அத்தகைய பணியின் ஒரு பகுதிக்கு இது பயன்படட்டும் என்னும் விருப்பத்தை மட்டும் அவர் தெரிவித்தார். எப்பணி என்பதைப் பல்கலைக்கழகமே தேர்ந்தது. முதல் அழியாமல், வட்டியைக்கொண்டு சிறந்த மாணாக்கரின் உயராய்வுக்கு உதவும் நிதியாக அதனை அமைத்தனர்.

இந்நாளில் அமெரிக்காவில் கொடையாளர் ஆலோசனை நிதி என்றொரு முறை பரவியுள்ளது. பொருளை மீட்க இயலாதவாறு ஓர் அறநிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, அதன் செலவு குறித்துக் கருத்துரைக்கும் உரிமையை மட்டும் கொடையாளர் வைத்துக்கொள்வர். முடிவு நிறுவனத்தினுடையது. பிரேம்சந்தின் கொடை முற்றிலும் அவ்வகையினது அன்று. ஆயினும் நெருங்கிய உறவுடையது. உரிமையை விட்டுக்கொடுத்தல் பொருளை விட்டுக்கொடுத்தலினும் அரிது என்பது பள்ளிக்கும் ஆலயத்திற்கும் நிதி தந்துவிட்டுப் பின்னும் கணக்குப் புத்தகத்தை விடாத பெரியோர்களைக் கண்ட நமக்குத் தெரியாததன்று!

1865இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. சூலை முதல் நாளன்று தவணை ஒப்பந்தங்கள் முறிந்து, பம்பாயின் பெருவணிகர் பலர் வீழ்ந்தனர். பேக்பே பங்கு 2,000 ரூபாய்க்கும் கீழ் இறங்கியது. பிரேம்சந்தும் தம் செல்வத்தை இழந்தார். அவருடைய செல்வாக்கினால் தக்க ஈடின்றிக் கடன் வழங்கிய பம்பாய் வங்கியும் நொடித்தது. எளியோர் பலர் சேமிப்பை இழந்தனர். பொருள்வரைதலை அணுவிரதமாகக் கொண்ட நாம் இதனை மறைத்து எழுதுதல் முறையன்று. அவரது கொடை அப்பழியைத் துடைத்துவிடும் என்றும் நாம் கருதவில்லை.

ஆனால் கொடுத்தவை நின்றன. 1869இல் தொடங்கிய மணிக்கூண்டு 1878இல் நிறைவெய்தியது. கல்கத்தா நிதியின் உதவியைப் பிற்காலத்தில் அசுதோஷ் முகர்ஜியும், வரலாற்றறிஞர் யதுநாத் சர்க்காரும் பெற்றனர். பிரேம்சந்தோ மனந்தளராது மீண்டும் தரகுத் தொழிலில் நின்று, 1875இல் பம்பாய்ப் பங்குத் தரகர் சங்கம் உருவாகத் துணைநின்றார். முன்போன்ற பெருஞ்செல்வம் இன்றியே வாழ்ந்து, 1906இல் காலமானார்.