காஸ்மிக் கதிர்களை எண்ணிய விக்ரம் சாராபாய்

விக்ரம் சாராபாய் என்றதும் நம் மாணவ நண்பர்களுக்குத் தும்பாவும் ராக்கெட்டும்தான் நினைவுக்கு வரும். நான் பௌதிக மாணவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அவருடைய கெய்கர் எண்ணிதான் பெரிதாகத் தெரிகிறது.

1919 ஆகஸ்டு 12-ல் ஆமதாபாத் ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிக்கையில் உலகப் போர் மூளவே தாயகம் திரும்பி, நம் ஓசூர்க்காரர்கள் பஸ் ஏறிப் போய்வரும் பெங்களூரில், இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி.வி. ராமனிடம் சேர்ந்தார். விண்ணிலிருந்து ஓயாது பொழியும் காஸ்மிக் கதிர்களை அங்குதான் எண்ணத் தொடங்கினார். 1942-ல் நடனமணி மிருணாளினியை மணந்தார். அவர் சென்னைக் குடும்பத்துப் பெண் என்பதில் நமக்கும் ஒரு பெருமை! மறு ஆண்டே கருவிகளுடன் காஷ்மீர் மலை ஏறினார்.

கதிர்களின் எண்ணிக்கை ஏன் வேளைக்கு வேளை மாறுகிறது? இதுவே அவரை விடாத கேள்வி.

சூரியனிலிருந்து நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் மின்துகள் காற்று வீசுகிறது. காந்தப்புலத்தையும் இழுத்துச் செல்லும் அக்காற்று, கிரகங்களுக்கு வெகு அப்பால் வரை ஒரு பெருங்குமிழியை ஊதி வைத்திருக்கிறது. ஜூஜூவாடியில் முன்பிருந்த சோதனைச் சாவடியைப் போன்றது அது. வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் வலுவுள்ளவை நுழைந்துவிடும். மற்றவற்றில் பெரும்பகுதி திரும்பிவிடும். சூரியன் கொந்தளிக்கும் காலத்தில் கெடுபிடி அதிகம்.

1947-ல் ஆமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக்கூடம் நிறுவியபோது அவருக்கு வயது 28. பின்னர் கொடைக்கானல், திருவனந்தபுரம், குல்மார்க் ஆகிய இடங்களிலும் எண்ணும் நிலையங்கள் அமைந்தன. 1963-ல், சூரியக் காற்று எங்கும் ஒரே வேகத்தில் வீசாவிட்டால் என்ன நேரும் என்று ஆராய்ந்து கட்டுரை எழுதினார். சூளகிரி மேட்டில் ஊர்ந்து ஏறும் லாரியின் பின்னே வேகமாக வந்த பஸ்கள் நெருக்கியடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அவர் சொல்லவந்தது எளிதில் விளங்கும். அவ்வாண்டே தும்பாவில் முதல் ராக்கெட்டும் எழுந்தது.

1966-ல் பாபா மறைய, அணுசக்திப் பொறுப்பும் இவர் தோளில் ஏறியது. பதவிகள் அந்த விஞ்ஞானியின் நேரத்தைத் தின்றுவிட்டன என்பது என் எண்ணம். ஆசிரியப் பெருமக்கள் மறுக்கலாம். 1971 டிசம்பர் 30-ல் கோவளத்தில் காலமானார். வயது 52.

2012 ஆகஸ்டில், சுமார் 1,800 கோடி கிலோமீட்டர் தொலைவில், வாயேஜர்-1 அக்குமிழியைக் கடந்து வெளியேறியது. எல்லை வந்துவிட்டதை உணர்த்திய அடையாளங்களுள் ஒன்று, காஸ்மிக் கதிர்களின் எண்ணிக்கை சட்டென எகிறியதுதான். 2023 செப்டம்பர் 2-ல் புறப்பட்ட ஆதித்யா எல்-1 கலத்தில், சூரியக் காற்றின் துகள்களை எண்ணும் கருவியைச் செய்து அனுப்பியது அவர் நிறுவிய ஆமதாபாத் ஆராய்ச்சிக்கூடம்.