எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்

கடல் கடந்து வாணிகம் செய்தல் தமிழர்க்குப் புதிதன்று. அவ்வாணிகத்தையே குறிக்கோளாகக் கொண்டதொரு பாங்கியைத் தமிழ்நாட்டில் நிறுவியவராகச் சிதம்பரம் செட்டியாரை நாம் நினைவுகூர்கின்றோம்.

1908ஆம் ஆண்டில் நகரத்தார் குலத்தில், சர் முத்தையா செட்டியாரின் புதல்வராய்ப் பிறந்த இவர், இருபது வயதளவில் தந்தையாரை இழந்து, குடும்பத் தொழிலின் சுமையை ஏற்றார்.

அக்காலத்து நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை முதலிய இடங்களிற் கடை வைத்து, உறவும் நாணயமுமே துணையாக உண்டியல் வழியே பணம் மாற்றி வந்தனர். அறிந்தாரிடையே இம்முறை செவ்வனே நடந்தது. முகமறியா அயல்நாட்டு வணிகனுக்குச் சரக்கு அனுப்புவோன் செய்வது யாது? கப்பலேற்றியபின் பணம் வருமோ என்று இவன் அஞ்சுவான். முன்பணம் கொடுத்தால் சரக்கு வருமோ என்று அவன் அஞ்சுவான். இருவர்க்கும் இடையே பாங்கி நின்று, வாங்குவோன் பொருட்டு உறுதிக் கடிதம் அளிக்கின்றது. கப்பற் சரக்குச் சீட்டு முதலிய பத்திரங்கள் ஒழுங்காய் வந்தவுடன் பணம் கொடுபடுகின்றது. ஒரு நாட்டு நாணயத்தை மற்றொரு நாட்டு நாணயமாக்குவதும் அதன் பணியே. இத்தொழில் அந்நாளிற் பெரும்பாலும் அந்நியப் பாங்கிகளின் கையிலிருந்தது. அவற்றின் வாயிலில் நம்மவர் காத்து நின்றனர் என்றால் மிகையன்று.

1930ஐ அடுத்து நெல்விலை வீழ்ந்தது. பர்மியக் குடியானவர் கடன் தீர்க்க மாட்டாராயினர். கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறையக் காற்பங்கு செட்டிமார் வசமாயிற்று. நிலம் பெருகிற்று, ரொக்கம் சுருங்கிற்று, பகையும் வளர்ந்தது. அந்நிலையிலேதான் 1937 பிப்ரவரி 10ஆம் நாள் காரைக்குடி, சென்னை, இரங்கோன் ஆகிய மூன்றிடங்களில் ஒருங்கே இந்தியன் ஓவர்சீஸ் பாங்கி திறக்கப்பெற்றது. பின்னர்ப் பினாங்கிலும் கிளை தோன்றிற்று. நிறுவியவர்க்கு அப்பொழுது வயது 28. நம் மாணவர் இதனை உன்னுக. ஐம்பதே நாளில், ஏப்ரல் 1ஆம் நாள், பர்மா இந்தியாவினின்றும் பிரிந்து தனி ஆட்சியாயிற்று. உள்ளூர்க் கிளையொன்று அன்று அயல்நாட்டுக் கிளையாகியது!

1941, 1942ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் மலாயாவையும் பர்மாவையும் கைப்பற்றினர். ஒரு கரையை மட்டும் நம்பியிருந்த கடைகள் பல அழிந்தன. இரு கரையிலும் வேரூன்றிய பாங்கியோ பிழைத்தது. 1947இல் இந்நாட்டில் 38 கிளைகளும் வெளிநாடுகளில் 7 கிளைகளும் அதற்கு இருந்தன.

1954 மார்ச்சு 13ஆம் நாள், சிங்கப்பூரில் இறங்குகையில் விபத்துற்று எரிந்த விமானத்தில் செட்டியார் தமது 45ஆம் வயதில் உயிர்நீத்தார். 1963இல் பர்மிய அரசாங்கம் அந்நாட்டுப் பாங்கிகளையெல்லாம் தனதாக்கிக் கொண்டது. 1969இல் அவர் நிறுவிய பாங்கி இந்திய அரசாங்கத்தின் உடைமையாயிற்று.