ஈப்போவில் பிறந்த செல்வநாயகம்

இலங்கைத் தமிழ் மக்கள் தந்தை செல்வா என்று போற்றும் எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள் நம் பேராக் மாநிலத்து ஈப்போ நகரில் பிறந்தவர் என்பதை நம்மவருள் பலர் அறியார். 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வேலுப்பிள்ளை பொருளீட்டும் பொருட்டு யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர். பிள்ளைக்கு நான்கு வயதானபோது அன்னையார் அவரைத் தெல்லிப்பழைக்கு அழைத்துச் சென்றார். பின்னர் அவர் வாழ்ந்ததெல்லாம் இலங்கையிலேதான். எனினும் அவருடைய பொதுவாழ்வின் முதற்பெரும் போராட்டம் தோட்டப் பாட்டாளிகளைப் பற்றியதாக அமைந்தது. ஆதலின் அவர் வரலாறு தம்போயில் வாழும் நமக்கும் அயலானது அன்று.

அறிவியல் பட்டம் பெற்று ஆசிரியரானார். நோயுற்ற உடன்பிறந்தாரைக் காண விடுப்பு மறுக்கப்பட்டதும் அவ்வேலையை உதறினார். பின்பு சட்டம் பயின்று கொழும்பில் பெயர்பெற்ற வழக்கறிஞரானார். மெலிந்த உடல், தாழ்ந்த குரல். மேடையை அதிரவைக்கும் பேச்சு அவரிடம் என்றும் இருந்ததில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்க் காங்கிரசின் சார்பில் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார். கிறிஸ்தவராகிய அவரைச் சைவர் மிகுந்த அத்தொகுதி தேர்ந்தெடுத்தது.

மறு ஆண்டே சோதனை வந்தது. விடுதலை பெற்ற இலங்கையின் அரசு குடியுரிமைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அத்தீவில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையோ, அன்றிப் பாட்டனாரும் முப்பாட்டனாரும் அங்கே பிறந்தனர் என்று மெய்ப்பித்தாக வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவர் எவ்வாறு மெய்ப்பிப்பார்? அரசு அலுவலகத்தின் முகப்பிடத்தில் பணியாற்றியவன் என்ற முறையில் இதனை நான் சற்று அறிவேன். பிறந்த நாளைக் கேட்டால், தோட்டத்துத் திருவிழாவுக்கு முந்திய மாதம் என்று அம்மா சொன்னாள் ஐயா என மறுமொழி கூறும் மூதாட்டியரைக் கண்டிருக்கிறேன். சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்நாளைக் கழித்தவர்கள் நம்மிடையேயும் உண்டு.

1948ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் 53 வாக்குகளுக்கு எதிராக 35 வாக்குகள் என்ற நிலையில் அம்மசோதா வென்றது. தமிழ்க் காங்கிரசு அன்று எதிர்த்தே வாக்களித்தது, தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலமும் எதிர்த்தார். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆனால் செப்டம்பரில் அவர் அமைச்சரானார். இந்திய, பாகிஸ்தானிய வம்சத்தாரின் குடியுரிமை பற்றிய மற்றொரு மசோதா டிசம்பரில் வந்தபோது அரசின் பக்கம் நின்றார். செல்வநாயகம் எதிர்ப்பிலிருந்து அசையவில்லை. இன்று தோட்டத் தமிழருக்கு நேர்வது, மொழியின் பெயரால் நாளை நமக்கும் நேரும் என்று அவர் எச்சரித்தார். அவருக்கு வாக்களித்தவர்களுள் தோட்டப் பாட்டாளிகள் இல்லை. மலைநாட்டுத் தோட்டங்கள் எங்கோ, காங்கேசன்துறை எங்கோ! தமக்கு ஒரு வாக்கும் தர இயலாத மக்களுக்காகக் கட்சியையும் தலைவரையும் பிரிந்தார் என்பதே என் மதிப்பில் அவர் செய்தவற்றுள் தலையாயது.

1949 டிசம்பர் 18ஆம் நாள் இலங்கைத் தமிழரசுக் கட்சி அவர் தலைமையில் பிறந்தது. பிரிந்தமைக்கு விலையும் கொடுத்தார். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கேசன்துறை மக்கள் அவரைத் தோற்கடித்து, ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனைத் தேர்ந்தெடுத்தனர்.

நான்கு ஆண்டுகளில் அவர் எச்சரித்தது நடந்தது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனும் மசோதா 1956 ஜூன் மாதம் வந்தது. ஜூன் 5ஆம் நாள் நாடாளுமன்றத்தின் அருகே காலிமுகத் திடலில் அறவழியில் அமர்ந்தவர்களைக் கும்பல் தாக்கியது. ஜூன் 15ஆம் நாள் 66 வாக்குகளுக்கு எதிராக 29 வாக்குகளால் எதிர்ப்புத் தோற்றது. அன்று சிங்கள இடதுசாரி உறுப்பினர்களும் தமிழரசுக் கட்சியோடு சேர்ந்து எதிர்த்து வாக்களித்தனர் என்பதையும் குறிப்பிடுதல் முறை. அடுத்த ஆண்டு ஜூலை 26ஆம் நாள் பிரதமர் பண்டாரநாயக்கா அவருடன் ஓர் உடன்படிக்கை செய்தார். 1958 ஏப்ரலில் அதனைப் பிரதமரே கைவிட்டார்.

அவர் தரப்பு வாக்கெடுப்பில் வென்ற தருணமும் உண்டு. 1960 மார்ச் தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. தமிழரசுக் கட்சியின் 15 உறுப்பினர்களும் எதிர்த்து வாக்களிக்க, டட்லி சேனநாயக்காவின் ஒரு மாத அரசு ஏப்ரல் 22ஆம் நாள் 61க்கு 86 என்ற கணக்கில் கவிழ்ந்தது. அடுத்து வந்த சிறிமாவோ அரசிடம் நன்மை கிட்டும் என அவர் நம்பினார். அந்த அரசோ 1961 தொடக்கத்தில் சிங்கள ஆட்சிமொழியை நாடெங்கும் நடைமுறைப்படுத்த முற்பட்டது. அவ்வாக்கு அறவழுவன்று, ஆயினும் கணிப்பில் பிழைத்த வாக்கு என்றே கூறவேண்டும். அதன்பின் வடக்கிலும் கிழக்கிலும் அரசு அலுவலக வாயில்களில் அறப்போர் நடந்தது. ஏப்ரலில் அவரும் தோழர்களும் காவலில் வைக்கப்பட்டனர்.

1965இல் அதே டட்லி சேனநாயக்காவுடன் உடன்பட்டு அவர் அரசை ஆதரித்தார். தாம் அமைச்சர் பதவி ஏற்கவில்லை, மு. திருச்செல்வம் மேலவை வழியாக அமைச்சரானார். திருகோணமலைத் திருக்கோணேச்சரச் சூழலைப் புனிதப் பகுதியாக்குவதை ஆராயத் திருச்செல்வம் அமைத்த குழுவைப் பிரதமர் நிறுத்தியபோது, 1968இல் அவர் பதவி துறந்தார். கட்சியும் அரசை விட்டு விலகியது. வாக்களித்த மாவட்ட சபைகளும் அதற்கு முன்பே கைவிடப்பட்டிருந்தன.

1972ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்த குடியரசு யாப்பைத் தமிழர் ஏற்கின்றனரா என்று மக்களிடமே கேட்கத் துணிந்தார். அக்டோபர் 3ஆம் நாள் தம் உறுப்பினர் பதவியைத் துறந்து, அதே தொகுதியில் தம்மை எதிர்த்துப் போட்டியிடுமாறு அரசை அழைத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக இடைத்தேர்தல் நடத்தப்படவில்லை. அதற்குள் நடுக்குவாத நோய் முற்றி, குரலும் மேலும் தாழ்ந்துவிட்டது. 1975 பிப்ரவரி 6ஆம் நாள் நடந்த தேர்தலில் 16,470 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். 23 ஆண்டுகளுக்கு முன் அவரைத் தள்ளிய தொகுதி அது.

மறு ஆண்டு மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் அவர் தலைமையில் நிறைவேறியது. கூட்டாட்சி கேட்டு வாழ்நாளைச் செலவிட்ட முதியவர் அங்கே வந்து சேர்ந்தமை எளிதில் கடந்துபோகக் கூடியதன்று. 1977 ஏப்ரல் 26ஆம் நாள் அவர் மறைந்தார்.

1948இல் அவர் எதிர்த்து வாக்களித்த சட்டத்தால் நாடற்றவரானோருள் ஒரு பகுதியினர், 1964ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்படிக்கையின்படி, தாம் கண்டிராத ஊர்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் 2003ஆம் ஆண்டில் இயற்றியது.