வளைந்த விரல்கள் தந்த வெளிச்சம்

போத்தனூர், குறிச்சி, சுந்தராபுரம் பக்கத்தில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட தாத்தா பாட்டிகள் பலர் உண்டு. அவர்களுடைய கண்ணுக்குள் ஒரு சின்னஞ்சிறு லென்ஸ் இருக்கிறது. துவரம் பருப்பு அளவுதான். கண்ணாடி போலப் பளபளக்கும். ஆனால் அது கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக்!

ஒரு காலத்தில் பணக்காரருக்கு மட்டுமே கிடைத்த பொருள் அது. அதை ஏழைக் குடியானவருக்கும் எட்டச் செய்ய உழைத்தவர் ஒரு தமிழ் டாக்டர். அவருடைய கை விரல்களோ வளைந்து முடங்கியவை! அவர்தான் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி.

மணலில் எழுதிய சிறுவன்

1918-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, தென் தமிழ்நாட்டில் அயன் வடமலாபுரம் என்ற சிற்றூரில் வெங்கடசாமி பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் காகிதமோ பென்சிலோ கிடையாது. ஆற்று மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதித்தான் படித்தார்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ரசாயனம் படித்து 1938-ல் பட்டம் பெற்றார். அவருடைய உறவுப் பெண்கள் மூவர் இளம் வயதில், கர்ப்ப காலத்தில் இறந்துபோனார்கள். அந்தத் துயரம் அவரை விடவில்லை. பிரசவ டாக்டராகி இத்தகைய சாவுகளைத் தடுப்பது என்று உறுதி கொண்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து 1944-ல் டாக்டரானார். பிறகு ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

இடி விழுந்தது

விதி குறுக்கிட்டது. கொடிய மூட்டுவாதம் அவரைத் தாக்கியது. ஓர் ஆண்டுக்கும் மேலாகப் படுத்த படுக்கை. எழுந்தபோது விரல்கள் கோணிப் போயிருந்தன. பிரசவம் பார்க்கும் கனவு கலைந்தது.

வேறு யாராவது என்றால் இடிந்து போயிருப்பார்கள். வெங்கடசாமி கண் மருத்துவம் படித்தார். வளைந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பொறுமையாகப் பழகினார். தம் கைக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்களை அந்தக் கைகளாலேயே செய்தார்!

மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவப் பகுதிக்குத் தலைவரானார். 1973-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1976-ல், 58-ம் வயதில் ஓய்வு பெற்றார். ஆனால் ஓய்வெடுக்கவில்லை. அதே ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. உடன்பிறந்தவர்களே அவருக்குத் துணை நின்றார்கள். முடிந்தவர் பணம் தரலாம், முடியாதவருக்கு இலவசம். இதுதான் அங்கே சட்டம்.

சோடாபுட்டிக் கண்ணாடி

புரையை எடுத்தால் மட்டும் போதாது. கண்ணின் இயற்கையான லென்ஸும் அதோடு போய்விடும். அதனால் அந்தக் காலத்தில் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். அது தொலைந்தாலோ உடைந்தாலோ ஏழைக்கு மறுபடி இருட்டுதான்!

இதற்கு வழி லண்டனில் பிறந்தது. உலகப் போரில் விமான ஜன்னல்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆனவை. குண்டு பட்டு உடைந்த ஜன்னலின் சில்லுகள் விமானிகளின் கண்ணில் பாய்ந்தன. ஆனால் கண் அவற்றை எதிர்த்துச் சீறவில்லை, பொறுத்துக்கொண்டது. இதைக் கவனித்தார் ஹரால்டு ரிட்லி என்ற டாக்டர். 1949-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லென்சை முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்தினார்.

நெடி அடிக்கும் திரவம்

அந்தப் பிளாஸ்டிக் எதிலிருந்து வருகிறது? மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற திரவத்திலிருந்து! தண்ணீர் போல நிறமற்றது. மூக்கைத் துளைக்கும் நெடி உடையது. ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கும். இதன் நுண் துகள்கள் உதிரி மணிகளைப் போன்றவை. உரிய பொருளைக் கலந்தால், மணிகள் கோத்து மாலையாவது போல ஒன்றோடொன்று கைகோத்துக் கெட்டிப்படும். அப்போது வெப்பம் கிளம்பும்.

கெட்டியான பிளாஸ்டிக் சாது. உடம்புக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் இருக்கலாம். திரவமோ பொல்லாதது. பல்செட் செய்யும் கூடத்தில் தூளோடு குழைப்பது இதைத்தான். எலும்பு ஆபரேஷனில் பயன்படும் சிமெண்டிலும், கடைப் பெயர்ப்பலகைக்கான அக்ரிலிக் தகடுகளின் தயாரிப்பிலும் இது உண்டு. ஆகவே இதைக் கையாளுகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தத் திரவம் எளிதில் தீப்பற்றும். 10 டிகிரி வெப்பமே போதும், பற்றக்கூடிய ஆவி கிளம்பிவிடும். கோவையின் மார்கழிக் குளிரில்கூட இது ஆபத்தான பொருள்தான். ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள நெருப்பைத் தொடும். பீடி, அடுப்பு, மின்பொறி எதுவும் அருகே ஆகாது.

வெயிலும் சூடும் பட்டால் திரவம் தானாகவே கெட்டிப்படத் தொடங்கலாம். சூடு ஏறி, பீப்பாய் வெடிக்கவும் கூடும். இதைத் தடுக்க ஹைட்ரோகுவினோன் போன்ற தடைப்பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அது வேலை செய்யக் காற்றிலுள்ள பிராணவாயு தேவை. ஆகவே பீப்பாயை விளிம்புவரை நிரப்பக் கூடாது. நிழலில், குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கெட்டிப்படுத்தும் பொருளைத் தனியாக வைக்க வேண்டும்.

தோலில் பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்தால் அது எளிதில் விடாது. மெல்லிய ரப்பர் கையுறையை இத்திரவம் ஊடுருவிவிடும். இதற்கென்று உள்ள தகுந்த கையுறை தேவை. ஜன்னலைத் திறந்து, காற்றை வெளியே தள்ளும் விசிறியையும் ஓடவிட வேண்டும். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் சுத்தமான நீரால் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

மதுரையில் பிறந்த லென்ஸ்

மறுபடி மதுரைக்கு வருவோம். வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை அப்போது நூறு டாலர் வாக்கில் இருந்தது. முகாமுக்கு வரும் கூலித் தொழிலாளிக்கு அது கனவு. ஏழைக்குச் சோடாபுட்டி, பணக்காரருக்கு லென்ஸ் என்று இரண்டு நீதியா? வெங்கடசாமியும் அவருடைய குழுவினரும் அதை ஏற்கவில்லை. நாமே செய்வோம் என்று துணிந்தார்கள்.

1992-ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கியது. அக்ரிலிக்கை நுணுக்கமாகக் கடைந்து மெருகேற்றி லென்ஸ் செய்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னர் அதற்கும் கீழே போனது! இன்று அந்த லென்ஸ்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன.

1997-ல் கோவையிலும் அரவிந்த் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. கொங்கு நாட்டுக் கிராமங்களிலிருந்து மதுரைக்கு அலைய வேண்டிய கஷ்டம் தீர்ந்தது.

2006-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி டாக்டர் வெங்கடசாமி காலமானார். அப்போது அவருக்கு வயது 87.

நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பார்வை மங்கினால், வயதாகிவிட்டது என்று சும்மா இருந்துவிடக் கூடாது. உடனே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். பேரப்பிள்ளையின் முகத்தைப் பாட்டி தெளிவாகப் பார்க்க வேண்டாமா? அதற்காகத்தானே அந்த வளைந்த விரல்கள் அவ்வளவு பாடுபட்டன!